பற்ரிக்கும் பில்லியும் ஒரு மேசையில்

வெள்ளி, 6 ஜூன்

விடியவிருந்தே மழை. வெஸ்ட்கேட் கடையில வாங்கினது ஆட்டிறைச்சி, கத்தரிக்காய், தேங்காய்ப்பால். ஞாயிறு மகள் ஷாமினியின்ர நிச்சயதார்த்தச் சாப்பாடு.

ஷாமினி ஃபோனில: மாப்பிள்ளை டெக்லனின்ர தாய்மாமன் பில்லியும் வாறாராம். டெக்லனின்ர அப்பா பற்ரிக் வட அயர்லாந்தில இருந்து இஞ்ச வந்த டெரிக்காரர், கத்தோலிக்கர், அயர்லாந்து ஒரே நாடாகோணும் எண்டுறவர். பில்லியும் அங்கயிருந்து வந்தவர்தான், பெல்ஃபாஸ்ற், புரட்டஸ்தாந்து. வடக்கு பிரிட்டனோடயே இருக்கோணுமாம். தன்ர தங்கச்சி பற்ரிக்கைக் கட்டின நாளில இருந்து அந்த வீட்டு வாசல் மிதிக்கேல்லை.

"அரசியல் கதைச்சால்?"

"அம்மா, ரிலாக்ஸ்."



சனி, 7 ஜூன்

வெங்காயம் உரிச்சாச்சு. இவர் கதிரை இரவல் வாங்க ஆல்பனிக்குப் போட்டார். பற்ரிக் மேசையின்ர ஒரு தொங்கல், பில்லி மற்றத் தொங்கல். நடுவில நான்.

ஊரில எங்கட வீட்டிலயும் சாப்பாட்டு மேசையிலதான் தனிநாட்டுக் கதை துவங்கினது. பிறகு அண்ணா இயக்கத்துக்குப் போனவர். திரும்பி வரேல்லை.

ஞாயிறு, 8 ஜூன்

எல்லாரும் போயிட்டினம். கால் உளையுது.

இறைச்சி பரிமாறேக்க பற்ரிக்தான் துவங்கினார். "இவையின்ர பிள்ளையள் காலத்தில அது ஒரே நாடு, பில்லி."

கரண்டியோட அப்பிடியே நிண்டன்.

"நடக்கலாம்" எண்டார் பில்லி. "எனக்கு அங்க வோட் இல்லை. இருந்தால் வேண்டாம் எண்டுதான் போடுவன்."

"தோத்தால்?"

"கோவம் வரும். அதுக்காக ஒருத்தற்ர வீட்டையும் கொளுத்தமாட்டன். ஆனா என்ர ஆக்களை அவையாவே இருக்க விடோணும்."

பற்ரிக் தலையாட்டினார். "ஓம். அது இல்லாத ஒற்றுமை எனக்கும் வேண்டாம்."

என்ர இவருக்கு ஆச்சரியம். நாடு சேருறதைச் சனத்திட்டயே கேக்கலாமோ? பற்ரிக் சொன்னார், அங்கத்தைச் சமாதான ஒப்பந்தத்திலயே இருக்காம்: வடக்கும் ஓம், தெற்கும் ஓம் எண்டால் சேரலாம். எப்ப கேக்கிறது எண்டதுதான் இழுபறி.

பில்லி என்னைப் பாத்து: "உங்கட சனத்தை ஆரும் அப்பிடிக் கேட்டவையோ?"

"இல்லை. ஒருநாளும் கேக்கேல்லை."

 பில்லி சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் இறைச்சி வேணுமாம்.

திங்கள், 9 ஜூன்

வெயில். கனநாளைக்குப் பிறகு நல்ல நித்திரை. பென்ரோஸில என்ர வேலையிடத்தில வேலை குவிஞ்சு கிடந்தது, பரவாயில்லை.

பின்னேரம் ஷாமினி ஃபோனில. நேற்று போற வழியில பில்லி தங்கச்சி வீட்டை இறங்கித் தேத்தண்ணி குடிச்சவராம். திரும்பவும் அதே கதையாம். பில்லியும் பற்ரிக்கும் நல்லாச் சத்தம் போட்டவையாம்.

"சத்தம் மட்டும்தானோ?"

"ஜஸ்ற் சத்தம், அம்மா."

மிஞ்சின இறைச்சியோட பாண் சாப்பிட்டன். வழமையை விட ரெண்டு துண்டு கூட இறங்கிச்சுது.