முன்பக்கம் வைத்த குசினி

அக்கா, பழைய வரைபடங்களைப் பிரித்து அடுக்கும்போது நீ அனுப்பிய தாள் அகப்பட்டது. உன் வேலை நேர அட்டவணையின் பின்பக்கத்தில் நீல மையால் கீறிய வீடு. நீ பதினொரு வருடம் துப்புரவு வேலை செய்த இங்கிலாந்து மாளிகை.

வீடுகளுக்குப் படம் கீறுவது என் தொழில் என்பதால், தொலைபேசியில் அந்த மாளிகையைத்தான் விவரிப்பாய். நடுவில் இருக்கும் கல் மண்டபம் ஆகப் பழையது. பின்வந்த தலைமுறை இருபக்கமும் செங்கல்லால் அறைகளைச் சேர்த்தது. அதற்குப் பின் வந்தவர்கள், பழசு வெளியே தெரியாதபடி புதிய முகப்பை எழுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டுமென்று, அறையே இல்லாத இடத்தில் ஒரு பொய் யன்னலும் வைத்தார்கள்.

"சுவருக்குப் பின்னால ஒரு ஒடுங்கின படி இருக்கடி," என்றாய் ஒருநாள். "வேலைக்காரர் ஏறி இறங்கிறதுக்கு. வீட்டுக்காரற்றை கண்ணில படக்கூடாதாம். இப்பவும் பார்க்க வாற சனம் பெரிய படியால ஏற, நான் வாளியோட அதாலதான் போறன்."

பிறகு ஊரில், அக்கராயனில், அம்மாவுக்கு வீடு கட்டத் தொடங்கினாய். நான் வழக்கம்போலச் சமைக்கிற குசினியை வீட்டின் பின்னால் போட்டேன். படத்தைப் பார்த்தவுடன் அழைத்தாய்.

"குசினியை முன்னுக்கு எடு. றோட்டுத் தெரியிற மாதிரிப் பெரிய யன்னலும் வை."

"சனம் சிரிக்கும் தங்கச்சி," என்றார் மேசன். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. மூன்று கிழமை நாம் கதைக்கவில்லை. கடைசியில், மனமில்லாமல், நீ சொன்னபடி கீறிக் கொடுத்தேன்.

வீடு முடிந்தபின் ஒருமுறைதான் வந்தாய். காலையில் அடுப்படியில் நின்றாய். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி, "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"நேத்துத்தான் அண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

பிறகு என் பக்கம் திரும்பினாய். "பார்த்தியே, வேலை செய்யேக்கையே என்னைக் கண்டிட்டார்."

திரும்பிப் போன நான்காம் மாதம் நோயில் இறந்துபோனாய். அங்கேயே தகனம் செய்தார்கள். அம்மா இப்போது அந்த யன்னலடியில்தான் கதிரை போட்டு உட்காருகிறா. நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

போன கிழமை பரந்தனில் ஒருவர் வீட்டுக்குப் படம் கேட்டார். "குசினியைப் பின்னுக்குப் போடுங்கோ," என்றார்.

"உங்கட மனுசியைக் கூப்பிடுங்கோ," என்றேன்.

"அவா வேலையா நிக்கிறா."

"ஓம், அவா வருமட்டும் நான் இருக்கிறன்."

அவா கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை நான் பென்சிலை எடுக்கவில்லை.