என் வீட்டுக்காரரின் பேனரில் போட வேண்டியது

மஸ்கட்

நைனாவுக்கு கன்னியம்மா கும்பிட்டு எழுதுவது. உன் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நேற்று எண்ணூர் யார்டு சூப்பர்வைசர் போன் செய்தார். என் வீட்டுக்காரரின் முப்பதாம் நாள் நினைவுப் பேனருக்கு ஒரு கவிதை அனுப்பியிருக்கிறார். "கம்ப்யூட்டரே எழுதிச்சும்மா, எவ்ளோ சோக்கா கீது பாரு" என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். விதி அழைத்ததாம், சிரித்துக்கொண்டே போனாராம்.

"கிரேன் வண்டி ரிவர்ஸ்ல வரச்சொல்லோ அலாரம் இன்னாத்துக்கு அடிக்கலன்னும் அந்த கம்ப்யூட்டரையே எழுதச் சொல்லு சார்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

மெஷினை நான் திட்டவில்லை நைனா. சுமை தூக்க அந்த வண்டி வந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் முதுகுவலி இல்லாமல் தூங்கினார். லீவு கிடைக்காத எனக்கு அவர் முகத்தைக் கடைசியாகக் காட்டியதும் போன்தான். ஆனால் ரிப்பேரான அலாரத்தை மாற்றாதவன் பொய்க் கவிதைக்கு மட்டும் கம்ப்யூட்டரைத் தேடுகிறானே, அவனைத்தான் திட்டுகிறேன்.

அந்தக் கவிதையைப் போட விடாதே. "டில்லிபாபு, அலாரம் அடிக்காத கிரேன் மோதி இறந்தார்" என்று போடு. யார்டு கேட்டுக்கு எதிரிலேயே கட்டு.

லீவில் இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஷிபின் இங்கே திரும்பும்போது அவரிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. என் வீட்டுக்காரருடைய போனை அணைக்காமல் சார்ஜ் போட்டு வை. நான் கூப்பிட்டால் யாரும் எடுக்க வேண்டாம், அடித்துக்கொண்டே இருக்கட்டும். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

கன்னியம்மா