தலைவர் வீட்டுத் திறந்த கதவு

ஜூலை 14, திங்கள். குன்னூர்.

நேற்றைய கூட்டத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர் பேசுவதற்குப் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி ஒருவரின் வாழ்க்கையை எழுதிக் கொடுத்திருந்தேன். உலகப்போரில் காட்டுக்குள் கெரில்லாப் போராளியாக இருந்தவர். பதவிக்கு வந்ததும் அரண்மனைக் கதவை ஏழைகளுக்குத் திறந்துவிட்டவர். விமானம் மலையில் மோதி இறந்தவர். தலைவர் மரணத்தை மட்டும் விட்டுவிட்டு, "என் ஊட்டுக் கதவும் இனி தொறந்தே கிடக்குமுங்க" என்று முடித்தார். நல்ல கைதட்டல்.

இன்று மதியம் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து தொழிலாளி செல்லம்மா தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டை நாளைக் காலைக்குள் காலி செய்ய வேண்டுமாம். தலைவர் முதலாளிக்கு ஒரு போன் செய்தால் அது நின்றுவிடும். முதலாளி அவருக்கு வேண்டியவர், அதனால்தான் செய்யமாட்டார்.

"கோயமுத்தூர் போயிட்டேன்னு சொல்லிருங்க சார்," என்றார் தலைவர் உள்ளறையிலிருந்து. சொன்னேன்.

"பரவாயில்லைங்க ஐயா, கதவு தொறந்துதானே இருக்கு," என்று செல்லம்மா கூடத்தில் வந்து உட்கார்ந்தார். தலைவர் சமையலறை வழியாக வெளியேறினார்.

கடைசி பஸ் நேரத்தில் செல்லம்மா எழுந்தார். "விடிஞ்சா சாமானெல்லாம் வெளிய எறிஞ்சிருவாங்க. போய்க் கட்டுறேங்க."

சற்றுமுன் தலைவர் போனில் கேட்டார்: "அந்த அரண்மனைக்குப் பின்வாசல் இருந்துச்சுங்களா?"

நான் படித்த புத்தகத்தில் இல்லை என்றேன். செல்லம்மாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.