கடைசி இடத்துக்கு ஒரு வாழ்த்து

டோலிடோ, ஓஹையோ
நவம்பர், ஞாயிறு

என் அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த நார்வே குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போனில் பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அல்லது உனக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். முதலில் அந்த வாழ்த்துச் செய்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ பதில் போடாமல் இருந்தபோது உங்கள் ஊரில் போன் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அன்று காலை அடுத்த வீட்டு மிஸஸ் ஒசோவ்ஸ்கியையும் கூப்பிட்டு, பான்கேக் சுட்டு வைத்துக்கொண்டு, எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்த வருஷத்தின் உன் கடைசிக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்தோம். கடைசி நேரத்தில் பந்து உன் கையில் பட்டு, அவர்களுக்குப் பெனால்டி கொடுத்து, அது கோலாகி, உங்கள் அணி பட்டியலில் கடைசிக்குப் போனதும் நான் கை தட்டினேன். ஆமாம், தட்டினேன். நம் நாட்டில் கடைசியில் வந்த அணிக்குத்தானே அடுத்த வருஷம் கல்லூரியிலிருந்து வரும் நல்ல ஆட்டக்காரனை முதலில் பொறுக்கிக்கொள்ள விடுகிறார்கள்? பிறந்ததிலிருந்து நான் பார்த்த கணக்கு அதுதான். நீ புல்தரையில் குப்புறக் கிடந்தது களைப்பினால் என்று நினைத்து, "கடைசி இடத்துக்கு வாழ்த்துகள், இனி நல்ல காலம்தான்" என்று செய்தி அனுப்பினேன்.

மறுநாள் உன் அண்ணன் கர்டிஸ் சாப்பிட வந்தான். நான் பெருமையாக அந்தச் செய்தியைக் காட்டினேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ அப்பா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! அங்க கடைசியில வந்தா கீழ் டிவிஷனுக்குத் தள்ளிடுவாங்க" என்றான். யாரைத் தள்ளுவார்கள் என்று கேட்டேன். "மொத்த டீமையும்தான்" என்றான். என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மிஸஸ் ஒசோவ்ஸ்கி வேறு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நல்ல அப்பன்யா நீ, பொண்ணு அழுவுறா, இவரு பான்கேக் திங்கிறாரு" என்றாள். தின்றவள் அவளும்தான். ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது கண்ணு. உன் மனசு எப்படி நொந்திருக்கும்! அப்பாவை மன்னித்துவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷத்தோடு அங்கே உன் ஒப்பந்தம் முடிகிறது, நம் ஓஹையோவிலேயே இருக்கும் கொலம்பஸ் அணிக்காரர்கள் இந்த மாதக் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குள் பதில் கேட்கிறார்கள், கீழே போன உன் ஸ்கார்விக் அணியும் உன்னை இருக்கச் சொல்கிறது என்றெல்லாம் அம்மாவிடம் சொன்னாயாம். "அப்பா என்ன சொல்றார்?" என்றும் கேட்டாயாம். அப்பாவுக்கு ஒன்றுமே புரியவில்லை, அதுதான் உண்மை. கொலம்பஸுக்கு வந்தால் காரில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உன்னைப் பார்த்துவிடலாம். பெரிய மைதானம், நல்ல சம்பளம். உன் அம்மா உன் அறைக்குப் புதுத் திரைச்சீலையே போட்டுவிட்டாள். "வந்துடச் சொல்லி எழுதுங்க. காரணம் வேணும்னா நான் சொல்றேன்" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அங்கேதான் குழம்பிப் போனேன். இங்கே என்றால், தோற்கப்போகிறோம் என்று தெரிந்தாலே பாதிப் பேர் நெரிசலுக்கு முன்னால் காரை எடுக்க ஓடிவிடுவார்கள். அங்கே ஆட்டம் முடிந்த பிறகும் ஒருவரும் நகரவில்லை. மழையில் நின்று பாடுகிறார்கள். மஞ்சள் கோட்டு போட்ட ஒரு தடியன் வேலியைத் தாண்டி உன் பக்கம் வந்தபோது அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்தேன். அவன் தன் கழுத்துத் துணியை எடுத்து உன் கழுத்தில் சுற்றி, தூக்கி நிறுத்திவிட்டுப் போகிறான். ஒருவேளை இவர்களுக்கும் என்னைப் போலவே விதி தெரியாதோ என்று கர்டிஸிடம் கேட்டேன். "தெரியும்பா, அவங்களுக்கு நல்லாவே தெரியும்" என்றான். தெரிந்துமா பாடுகிறார்கள்? என்ன ஜனங்கள் கண்ணு இவர்கள்?

"நான்தானே கவுத்தேன், நானே எப்படி விட்டுட்டு வர்றது" என்று அம்மாவிடம் அழுதாயாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. நீ பின்னால் நின்று தடுத்த பந்துகளை யாரும் எண்ணுவதில்லை, கையில் பட்ட ஒன்றைத்தான் எண்ணுகிறார்கள். அதற்காக ஒரு வருஷம் தண்டனை அனுபவிக்க அங்கே இருக்காதே. அதுதான் காரணம் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. ஆனால் அந்த மழையில் நின்றவர்களோடு இருக்க உனக்கு ஆசை என்றால், இரு. உன் அம்மாவை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். என்னை யார் சமாதானப்படுத்துவது என்று தெரியவில்லை, பார்த்துக்கொள்ளலாம். அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் உறையில் போட்டு ஒட்டிவிடப் போகிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், கர்த்தர் உன் கால்களைக் காப்பாராக. முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே. இன்னொன்று. கீழ் டிவிஷன் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் காட்டமாட்டார்கள் என்று கர்டிஸ் சொல்கிறான். அங்கேயே இருந்தால், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு. எத்தனை கோல் என்பதெல்லாம் அப்புறம். நான் சந்தோஷப்பட வேண்டுமா, வருத்தப்பட வேண்டுமா, அதை முதலில் சொல்லிவிடு. நான் அப்படியே செய்கிறேன்.

உன் அப்பா,
லோவெல் ஹார்ட்ஸ்லர்