சதுரங்கப்பட்டினத்துக்குத் தானாக வந்த ரயில்

கடலைப் பார்த்து வீடு கட்டிய என் பிரிய அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் கடல் இருக்கிறதா? இல்லாவிட்டால் நல்லது. அலைச் சத்தம் கேட்டால்தான் உனக்குத் தூக்கம் வரும். எனக்கு இப்போதெல்லாம் அதைக் கேட்டால் இருக்கிற தூக்கமும் போய்விடுகிறது.

சொல்ல நிறைய இருக்கிறது. ரயிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வேறு எதிலிருந்து ஆரம்பித்தாலும் நீ காது கொடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

புது ரயில் வந்திருக்கிறது அண்ணா. சின்னச் சின்ன பிளாஸ்டிக் பிரிக்குகளை ஒன்றோடொன்று அழுத்திக் கட்டுகிற உன் வகை ரயில்தான். கறுப்பு நீராவி எஞ்சின், பின்னால் சிவப்புப் பெட்டிகள். கம்பெனிக்காரர்கள் எப்படியும் ஒருநாள் விடுவார்கள் என்று சொல்லிச் சொல்லிக் காத்திருந்தாயே, அதேதான். உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கி, டப்பாவைக்கூடப் பிரிக்காமல் நேராக நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எந்தப் புது ரயிலுக்கும் முதல் ஓட்டம் உன் தண்டவாளத்தில்தான் என்ற வழக்கத்தை நீ போன பிறகும் அவர்கள் விடவில்லை.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சதுரங்கப்பட்டினத்தில் என் அண்ணன் கட்டிய வீட்டின் கிழக்கு அறையில் நீளமாக ஒரு மேஜை. அதன் மேற்குக் கோடியில் செங்கல்பட்டு ஜங்ஷன். நடுவில் திருக்கழுக்குன்றமும் மாமல்லபுரமும். கிழக்குக் கோடியில், கடல் தெரிகிற ஜன்னலை ஒட்டி, சதுரங்கப்பட்டினம் ஸ்டேஷன். பக்கத்தில் இடிந்த டச்சுக் கோட்டைகூட உண்டு. எங்கள் ஊருக்கு நிஜத்தில் வராத ரயிலை இவனே விட்டுக்கொண்டான்.

அந்த மேஜைக்காக நீ பட்ட பாடு இருக்கிறதே! குமிழி ஓடுகிற ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, ஒவ்வொரு காலாகச் சீவி, ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லாமல் நிறுத்தினாய். செங்கல்பட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்ததும் முதலில் ரயிலைத் தொடுவாய், அப்புறம்தான் சோறு. அந்த மேஜைக்கு முன்னால் அண்ணி இரண்டாம் தாரம்தான் என்று நான் கேலி செய்வேன். அண்ணி சிரிப்பார், மறுக்க மாட்டார்.

புது ரயிலைக் கட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்கள் போட்ட சண்டையை நீ கேட்டிருக்க வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ராபர்ட் அண்ணனும், முட்டுக்காட்டிலிருந்து பைக்கில் வருகிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் தினேஷும் அந்த எஞ்சினைப் பெண் பார்க்கப் போன மாதிரி சுற்றிச் சுற்றி வந்து குறை சொன்னார்கள்.

"இன்னா அண்ணாத்த இது, மோட்டாரே இல்ல. வெக்கறதுக்கு உள்ள எடங்கூட வுடல. கையாலதான் தள்ளணுமாம்," என்றான் தினேஷ்.

"மோட்டார வுடு. செவப்பப் பாரு. இந்தப் பொட்டி ஒரு செவப்பு, அந்தப் பொட்டி ஒரு செவப்பு. கண்ண மூடிகினு கலர் ஊத்துவானுங்க போல," என்றார் ராபர்ட் அண்ணன்.

"பூரா ஸ்டிக்கரு வேற. எதுலயும் பிரிண்ட்டு கெடையாது."

"ஆனா சக்கரம் ஒண்ணு சொல்லணும் தம்பி. இரும்புல அச்சு வெச்சிகீறான். லேசா தொட்டாலே வழுக்கிகினு போவுது பாரு."

பொம்மை ரயிலுக்கா இவ்வளவு என்று கேட்டுவிட்டேன். ராபர்ட் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் டீ ஆறிப்போயிருக்கும். "பொம்மைன்னு சொல்லாத கோகிலா. மாடலு," என்றார்.

சாயங்காலம் அவர்கள் கிளம்பிய பிறகு, நீ செய்வது போலவே அண்ணி ரயிலைச் செங்கல்பட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாள் காலையில் எனக்கு போன் வந்தது. ரயில் சதுரங்கப்பட்டினத்தில் நிற்கிறதாம்.

பூனை தட்டியிருக்கும் என்றேன். அண்ணி ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்ததாகச் சொன்னார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நான் நேரில் போனேன். சதுரங்கப்பட்டினம் ஸ்டேஷன் பக்கத்தில் நீ விரும்பிக் குடிக்கிற சுக்குக் காபி ஒரு டம்ளர் ஆவி பறக்க இருந்தது.

"உங்க அண்ணன் வர்றாரு கோகிலா," என்றார் அண்ணி. "அன்னிக்கு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவரு வூடு திரும்பல. இப்ப தெனமும் வந்துகினு கீறாரு."

நீ போனதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. தலையில் பூ மட்டும்தான் இல்லை. எனக்கும் ஒரு நிமிஷம் நம்பத் தோன்றியது. நம்பினேன் என்றே வைத்துக்கொள்ளேன்.

உன் ஆட்கள் ஆவியை எல்லாம் நம்பவில்லை. அவர்களுக்குச் சந்தேகம் முழுக்க அந்தப் புது சக்கரத்தின் மேல்தான். வைத்த இடத்தில் நிற்காத அளவுக்கு லூசாகச் செய்துவிட்டான் என்று தினேஷ் ஒரு வீடியோ எடுத்துப் போட்டான். அதற்குக் கீழே உங்கள் கூட்டம் மொத்தமும் வந்து பேசியது. சக்கரத்தைத் திட்டியவர்களை விட, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "எங்கூட்டுல வெச்ச எடத்துலயே நிக்குதுங்களே" என்று மரியாதையாக எழுதியிருந்தார். மதுரையிலிருந்து ஒருவர் தன் ரயிலைப் படம் பிடித்தே போட்டார். அசையவில்லை.

"அவனுங்களுக்கு ஒழுங்கா டிராக்கு போடத் தெரியாது. அதான் நிக்குது," என்றார் ராபர்ட் அண்ணன்.

தினேஷ் கொஞ்சம் தயங்கி, "மேசைய ஒருதபா மட்டம் பாத்துடலாமா அண்ணாத்த?" என்று கேட்டான்.

"இன்னா பேசுற நீ? அவுரு வெச்ச மட்டத்த நாம சோதிக்கறதா?"

அண்ணியின் முகம் வாடிவிட்டது. தினேஷ் பேச்சை மாற்றிவிட்டான். உன் மேஜை தப்பாக இருக்கும் என்று அந்த அறையில் யாராலும் நினைக்க முடியவில்லை அண்ணா. எங்கள் எல்லோருக்கும் உன் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுதான் எங்கள் கண்ணை மறைத்தது.

அதனால் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். சதுரங்கப்பட்டினம் பக்கத் தண்டவாளத்துக்கு அடியில், பிரிக்கிலேயே மெல்லிசாக வருகிற பிளேட் ஒன்றைச் செருகி உயர்த்தினார்கள். ரயில் செங்கல்பட்டிலேயே நின்றது. அண்ணி அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு காலையில் ரயில் மறுபடி ஜன்னலடிக்கு வந்திருந்தது.

"தடுத்தும் வந்துட்டாரு பாத்தியா," என்று எனக்கு போனில் சொன்னார். அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து அவர்கள் இன்னொரு பிளேட் செருகினார்கள். ரயில் சில நாள் நின்று, திரும்பவும் ஓடியது. இன்னொன்று செருகினார்கள். ஸ்டேஷன் உயர்ந்து உயர்ந்து, பக்கத்திலிருந்த டச்சுக் கோட்டை பள்ளத்தில் கிடப்பது போல் ஆனது. சக்கரத்தைத் திட்டிக்கொண்டே பிளேட் வைத்தார்களே தவிர, போன வாரம் போதுமாக இருந்தது இந்த வாரம் ஏன் போதவில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் கடல் என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லவில்லையே. உன் பின்பக்கத் தென்னை போன மழைக்கே போய்விட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. உனக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தவர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வரிசையாகப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், அதைத் தாண்டி வராது என்று ஊரில் ஒரு பேச்சு. உன் வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நீ போட்ட கான்கிரீட் அப்படி.

ஐப்பசி மழைக்கு முன்னால் செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி அண்ணியிடம் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "தடுத்தும் வர்ற மனுஷன் பூட்டுன வூட்டுக்கா வருவாரு?"

பௌர்ணமியன்று மத்தியானம் நான் அங்கே இருந்தேன். கடல் ஏறியிருந்தது. ரயில் செங்கல்பட்டில் நின்றது. அண்ணி அடுக்களையில் இருந்தார். நான் காபி டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே பெரிய அலை ஒன்று கல்லில் மோதியது. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. ரயில் கிளம்பியது.

யாரும் தொடவில்லை அண்ணா. என் கண்ணெதிரே அது திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, மாமல்லபுரத்தில் நிற்காமல், ஜன்னலை நோக்கிப் போனது. "அண்ணா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். அப்புறம்தான் டம்ளரைப் பார்த்தேன். காபி கடல் பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது.

டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தேன். அங்கேயும் அப்படித்தான். மேஜை நீ வைத்த மட்டத்திலேயே தரையோடு ஒட்டி நிற்கிறது. தரைதான் போகிறது. கீழே மணலைக் கடல் அரித்து எடுத்துக்கொண்டிருக்க, வீடு கீறல் விடாமல் முழுசாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது.

டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றேன். உண்மையைச் சொன்னால் உன்னை அண்ணியிடமிருந்து இரண்டாவது தடவை பிடுங்குவேன். சொல்லாவிட்டால் அவர் அந்த அறையிலேயே, காபி வைத்துக்கொண்டு, உனக்காகக் காத்திருப்பார். கடல் வந்துவிடும். என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் தயங்கியது கொஞ்ச நேரம்தான். உன் ஆட்கள் இருவரையும் உடனே வரச் சொன்னேன். அவர்கள் வந்ததும், "அண்ணி, அண்ணனோட ரசமட்டம் எங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பரணிலிருந்து உன் பழைய சட்டையில் சுற்றி வைத்திருந்ததை அவரே எடுத்துவந்து, அவரே மேஜைமேல் வைத்தார். உள்ளே குமிழி உயர்ந்த பக்கமாக, மேற்கே ஓடி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. தரையில் வைத்தார். அதேதான்.

ராபர்ட் அண்ணன் சதுரங்கப்பட்டினம் பக்கத் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் அடுக்கியிருந்த பிளேட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வாரா வாரம் வந்து வூடு சாயறதத்தான் மறைச்சிகினு இருந்தமா," என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அண்ணி குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அலை மோதியது. தரை அதிர்ந்தது.

"அப்ப வந்தது அவரு இல்ல," என்றார். ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். "அது."

அதற்கு மேல் அவர் அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "அவரு மேசையில்லாம நான் வரமாட்டேன்," என்றார். தினேஷ் வேன் பிடிக்க ஓடினான்.

உன் ஊர்களைத் துண்டு துண்டாகக் கழற்றி, அரிசி டிரம்மிலும் அண்டாவிலும் போட்டு எடுத்துவந்தோம். அன்று வீட்டைப் பூட்டும்போது அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் அதை வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. இன்று காலையில் ராபர்ட் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்தார். கிழக்கு அறை இல்லையாம். ஜன்னல் இருந்த இடத்தில் தண்ணீர் வந்து வந்து போகிறதாம். அண்ணியிடம் நான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். மேஜைக்கால்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேஜை என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது அண்ணா. உன் ரசமட்டத்தை வைத்து நானே பார்த்தேன். குமிழி நட்ட நடுவில் நிற்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு பிளேட்கூட இல்லை. இங்கே கடல் கிடையாது, தரை அதிராது. ரயில் வைத்த இடத்திலேயே நிற்கிறது, கோயம்புத்தூர்க்காரர் சொன்ன மாதிரி. தினேஷ் அந்த சக்கரத்தைக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு வீடியோ போட்டிருக்கிறான்.

அண்ணி இன்னும் தினமும் சாயங்காலம் ரயிலைச் செங்கல்பட்டில் நிறுத்திவிட்டுத்தான் படுக்கிறார். காலையில் எழுந்ததும் முதலில் கூடத்துக்குத்தான் வருகிறார். அது நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, அடுப்பு பற்றவைக்கப் போகிறார்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். இந்த மேஜையின் மட்டம் மாறாமல் நான் பார்த்துக்கொள்வேன். சிமெண்டு போட்டாவது, காலைச் சீவியாவது, நான் இருக்கும்வரை அந்தக் குமிழி நடுவிலேயே நிற்கும். அண்ணியைத் திரும்ப அந்தக் கரைக்கு அனுப்ப மாட்டேன். அப்படியும் என்றாவது ஒரு காலையில் ரயில் சதுரங்கப்பட்டினத்தில் நின்றால், அன்று நான் ரசமட்டத்தைத் தேட மாட்டேன். சுக்குக் காபி போடுவேன்.

உன் மேஜையைக் காவல் காக்கும்,
உன் தங்கச்சி கோகிலா