இலங்கை மேசையிலிருந்து மச்சானுக்கு

என்றும் என் அன்புக்குரிய அருளப்பு மச்சான்,

நீ இருந்திருந்தால் இன்னும் சிரித்து முடித்திருக்க மாட்டாய். தாரணியின் பள்ளிக்கூடத்தில் போன கிழமை பண்பாட்டு விழா. தொடக்கச் செபத்தில் எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டார்கள். மரியாதைக்கு நானும் கையைத் தூக்கினேன். நெற்றி வரைக்கும் சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகு கை தன் பழைய புத்திக்குத் திரும்பி, பிள்ளையாருக்குப் போடுவதுபோலக் கன்னத்தில் இரண்டு போட்டுவிட்டது. பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்தினார்கள்.

என் வெட்கம் அதுவல்ல.

இந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்கச் சொன்னதே நீதான். "திருநீறோடயே போகட்டும் மச்சான், மாதா கோவிக்க மாட்டா" என்றாய். இந்த வருடம் பண்பாட்டுக் குழுவுக்கு அவள்தான் மாணவத் தலைவி. படிப்பில் தட்டுத் தடுமாறிய எனக்கு இப்படி ஒரு மகள்! பென்டில் ஹில் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்க வந்தவர்களுக்கும் சொல்லி அறுத்திருக்கிறேன்.

தலைவியாகி அவள் செய்த முதல் வேலை, இலங்கைக்கு ஒரே மேசை. எங்கள் வடைக்குப் பக்கத்தில் குமாரி வீட்டுச் சிங்களப் பலகாரம், கொக்கிஸ். குமாரியை உனக்குத் தெரியும். அவளுடைய மனுசனோடு சிங்களத்தில் பகிடி விட்டு, பள்ளிக்கூட வாசலையே அதிரவைப்பாயே. இரண்டு வீட்டுக்கும் நடந்து கதைத்துச் சம்மதம் வாங்கினாள் பிள்ளை. நானும் பெரிய மனிதன்போலத் தலையாட்டினேன்.

செபம் முடிந்து வடைத் தட்டை அந்த மேசையில் வைத்துவிட்டு நிமிர்கிறேன், எங்கட கோயில் ஆக்கள் இரண்டு பேர் மண்டபத்துக்குள் வருகிறார்கள். சிங்கள ஆக்களோட ஒரே மேசையில இவையள் கண்டால் என்ன கதைப்பினம்? அவ்வளவுதான். தட்டைத் தூக்கிக்கொண்டு இந்திய மேசைப் பக்கம் நடந்தேன்.

"எங்க அண்ணா போறது?" என்றாள் குமாரி.

"அங்கதான் பிளக் இருக்கு."

"வாங்க சார், தாராளமா வைங்க" என்று மதுரைக்காரப் பெண் ஒருவர் சாம்பார் வாளியை நகர்த்தி இடம் தந்தார்.

மேடையில் தாரணி மைக்கோடு ஒவ்வொரு மேசையாக அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தாள். "ஸ்ரீலங்கா" என்றாள். அந்த மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடுத்து லெபனானுக்குப் போய்விட்டாள்.

ஆமி கொண்டுபோன உன் தம்பி எங்கேயென்று சாகும்வரை உனக்குத் தெரியாது. அப்படியிருந்தும் நீ அந்த வாசலில் நின்று சிரித்தாய். எனக்கு என்ன வந்தது? கோபம்கூட இல்லையே மச்சான், வெறும் பயம்.

கொஞ்ச நேரத்தில் குமாரி மூச்சிரைக்க வந்தாள். கையில் நீளமான வயர்ச் சுருள்.

"அண்ணா, பிளக்தானே பிரச்சினை? கேட்டு வாங்கினது. இப்ப வாங்க."

அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லையா? விளங்கித்தான் கொண்டுவந்தாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கோயில் ஆக்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். வயரின் மறுநுனியைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். விழா முடியும்வரை அது அங்கேயே சும்மா கிடந்தது. தாரணி வந்தாள், வயரைப் பார்த்தாள், ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். "இட்ஸ் ஃபைன், அப்பா" என்றாள். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆண்டு இறுதிப் பூசைக்குக் குமாரி வீட்டாரோடு ஒரே வாங்கில் நெருக்கி உட்கார்ந்திருப்பேன். கோயிலே திரண்டு வந்தாலும் எழும்ப மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. சிலுவை அடையாளத்தையும் அதற்குள் பழகிவிடுவேன்.

குமாரியிடம் அன்று வாய்திறந்து சொல்லாதது ஒன்று இருக்கிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன்: "தங்கச்சி, ஆறின வடைக்கு என்னத்துக்குக் கறண்ட்?"

உன் மச்சான்,
நீ தூக்கி வளர்த்த தாரணியின் அப்பா