சிரிக்கிற எழுத்தில் ஓர் அறிவிப்பு

என் வாலுப்பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு நாங்கள் இருவரும் சுகம், மனசைப் பற்றிக் கேட்டால்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவளுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் பொம்மைக் கம்பெனிக்கு நீ கையால் வரைந்து கொடுத்த குறும்பு எழுத்து இருக்கிறதே, புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் பலூன், ழகரத்துக்குப் பூனைவால், அது முதலில் பெட்டியில் வந்தது, லாரியில் வந்தது, பிறகு கேண்டீன் பலகை, கழிவறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் மகள் கைவேலை என்று நானும் பீற்றிக்கொண்டேன். போன திங்கட்கிழமை காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு பெரிய தாளைக் கொடுத்து, "வாசல்ல ஒட்டிடுங்க" என்றார். பேக்கிங் பிரிவை மூடுகிறார்கள், நாற்பத்தொரு பேருக்கு இனி வேலை இல்லை. அதுவும் உன் எழுத்திலேயே. கம்பெனியில் எதை அச்சடித்தாலும் அந்த எழுத்துதான் என்று உத்தரவாம். 'கீழ்க்கண்டோர்' என்ற சொல்லில் ழகரம் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் தலைக்கு மேல் பலூன். பட்டியலில் ஒன்பதாவது பெயர் என்னுடையது.

சூப்பர்வைசர் என்பதால் நான்தான் ஒட்டவேண்டும், ஒட்டினேன். எல்லாரும் கூடிவிட்டார்கள். என் எதிர் மேஜையில் இருபது வருஷமாகப் பெட்டி மூடுகிற அக்கா, நீ அத்தை அத்தை என்று காலைச் சுற்றுவாயே, அவள்தான் படித்துவிட்டு, "உன் பொண்ணு எழுத்து நம்மளப் பாத்து சிரிக்குதே தம்பி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தாளைக் கிழித்தெடுத்தேன். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில், பெட்டி எண் போடுகிற கறுப்பு மார்க்கரால் ஒரு வரி விடாமல் நேர் எழுத்தில் எழுதினேன், நாற்பத்தொரு பேரையும். என் பெயர் வந்தபோது வரி கோணிவிட்டது, வேறு அட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒருவரும் நகரவில்லை. மேனேஜர் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அத்தை முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். "என் இனிஷியல விட்டுட்டியே" என்றாள் அவள். சேர்த்தேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். எட்டு மணி ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது, அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விடுகிறாள். உன்மேல் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை, நீ குழந்தைகளுக்கென்று வரைந்தாய். இதைப் படித்துவிட்டு டிக்கெட் போட்டு ஓடிவராதே. அடுத்து எழுத்து வரையும்போது மட்டும், குதிக்காமல், சிரிக்காமல், எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஒன்றும் வரைந்து வை. அதற்கும் தேவை வருகிறது.

எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. அத்தைக்கு மறக்காமல் ஒரு போன் போடு. குழந்தை எழுத்தைப் போய் அப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவள் மருகிக்கொண்டிருக்கிறாள்.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா